இன்ஜின் கிடைத்துவிடும், மீதிதான் வேலை

கார் இன்ஜினைத் தூக்கி இரண்டு சக்கரங்களுக்கு நடுவே உட்காரவைத்த வண்டி எங்கே நின்றாலும் கூட்டம் கூடிவிடும். வருகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை சி.சி. என்று, அடுத்தது எவ்வளவு வேகம் போகும் என்று. பட்டறையில் நெடுநாள் இருந்தவர்கள் இந்த இரண்டையும் கேட்பதில்லை, குனிந்து பார்ப்பார்கள். கிளட்ச் எங்கே இருக்கிறது, கியர்பாக்ஸ் எந்த வண்டியிலிருந்து வந்தது, பின்சக்கரத்துக்கு இழுவை செயினில் போகிறதா ஷாஃப்டில் போகிறதா, முன் பிரேக் எதனுடையது, ரேடியேட்டருக்குக் காற்று எந்தப் பக்கமாக வருகிறது என்று வரிசையாகக் கண் ஓடும். இத்தனை ஆண்டுகள் இந்த வேலையில் இருந்ததில் எனக்குத் தேறிய முடிவும் அதுதான். பெரிய இன்ஜின் வைத்த மோட்டார் சைக்கிள் நன்றாக அமைவதும் கெட்டுப்போவதும் இன்ஜினுக்கும் தரைக்கும் நடுவே இருக்கிற பாகங்களைப் பொறுத்தது. இதை ஒப்புக்கொண்டால் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும்: அந்த நடுப்பகுதியைத் தகுதியானவர்கள் சோதித்து, ஓட்டலாம் அல்லது கூடாது என்று சொல்ல ஒரு வழி வேண்டும். ஒரே ஒரு வண்டி கட்டுகிற தனி ஆளுக்கு எட்டுகிற மாதிரி அந்த வழி நம் நாட்டில் இல்லை. அது வேண்டும் என்று வாதிடத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-இன் இன்ஜின் 796 சி.சி., மூன்று சிலிண்டர், தண்ணீரில் குளிர்வது. நம் நாட்டில் கார் இன்ஜினை வைத்து மோட்டார் சைக்கிள் கட்ட நினைப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான். விலை குறைவு, எந்த ஊரிலும் உதிரி கிடைக்கும், சென்னை புதுப்பேட்டையில் கேட்டால் முழு இன்ஜினாகவே எடுத்துக் கொடுப்பார்கள். பெட்ரோல் ஊசிவழிப் பாயும் பிந்தைய வகையில் இது 5,000 சுற்றில் 37 குதிரைத்திறன் தரும். இழுவை 2,500 சுற்றிலேயே 59 நியூட்டன் மீட்டர். பக்கத்தில் 2018-இல் ராயல் என்ஃபீல்டு வெளியிட்ட இரட்டை சிலிண்டர் 650-ஐ வையுங்கள். 648 சி.சி., 47 குதிரைத்திறன், 5,250 சுற்றில் 52 நியூட்டன் மீட்டர். அளவில் சிறிய இன்ஜின் பத்துக் குதிரைத்திறன் கூடுதலாகத் தருகிறது. வேகத்துக்காகக் கார் இன்ஜின் வைக்கிறேன் என்று சொல்பவர் இந்தக் கணக்கைப் போடவில்லை என்று பொருள். கார் இன்ஜின் தருவது வேறொன்று: திராட்டிலைக் கொஞ்சம் திருப்பியதும் கீழ்ச்சுற்றிலேயே வந்து நிற்கும் இழுவை, கனமான ஃப்ளைவீல் தரும் நிதானம், லட்சம் கிலோமீட்டர் பார்த்தும் தளராத ஆயுள். நான்கு பேரையும் அறுநூற்றைம்பது கிலோ காரையும் சேர்த்து இழுக்கச் செய்த இன்ஜினுக்கு அந்தக் குணம் இருந்தே ஆகவேண்டும். ஆனால் அந்தக் குணத்துக்கு ஏற்ற எடையும் கூடவே வருகிறது, அகலமும் வருகிறது, ரேடியேட்டரும் வருகிறது.

பிறகு அந்த இழுவையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. மாருதி 800-இல் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும்; அதன் ஓரத்தில் கியர்பாக்ஸ், அதோடு சேர்ந்தே டிஃபரன்ஷியல். அப்படியே மோட்டார் சைக்கிளில் குறுக்காக வைத்தால் இரண்டு முழங்காலையும் தாண்டி வெளியே நிற்கும், வளைவில் சாய்க்க முடியாது. அதே 796 சி.சி. இன்ஜின் ஆம்னி வேனில் நீளவாக்கில் படுத்திருக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து புரொபெல்லர் ஷாஃப்ட் பின்சக்கரத்துக்குப் போகிறது. விவரம் தெரிந்தவர் ஆம்னியின் கூட்டைத்தான் தேடுவார். அப்போதும் ஷாஃப்ட் சுழலும் திசையைக் கடைசியில் தொண்ணூறு டிகிரி திருப்ப ஒரு பெவல் கியர் வேண்டும். அதன் உறை, தாங்கி, எண்ணெய் எல்லாமே புதிதாக வடிக்க வேண்டியவை. மூன்றாவது வழி, கார் கியர்பாக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய புல்லட்டின் தனி கியர்பாக்ஸைப் பின்னால் வைத்து பிரைமரி செயின் போடுவது. பார்க்க எளிது. ஆனால் 346 சி.சி. ஒற்றை சிலிண்டருக்கென்று செய்த பற்களின் மேல் அதைப்போல இரண்டு மடங்கு இழுவையை ஏற்றுகிறோம். கிளட்ச் பிளேட் முதலில் வழுக்கும், பிறகு கியர் பல் உடையும். பல் உடையும்போது பின்சக்கரம் இறுகி நின்றுவிட்டால் ஓட்டுபவர் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பாதையில் உலகில் முன்பே நடந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கதையிலும் இன்ஜினைப் பற்றிய பகுதி சிறியதுதான். 1966-இல் ஜெர்மனியில் ஃபிரீடல் மியூன்ஷ் என்எஸ்யூ காரின் நான்கு சிலிண்டர் இன்ஜினை எடுத்து மாமுட் என்ற வண்டியைக் கட்டினார். தொடக்கத்தில் 996 சி.சி., பிறகு 1,177. அந்த இழுவையைக் கம்பி போட்ட பின்சக்கரம் தாங்கவில்லை. அவர் வார்ப்புச் சக்கரத்துக்குப் போனார். அன்று கிடைத்த பிரேக்குகள் போதவில்லை என்று முன்சக்கரத்துக்குப் பெரிய டிரம் பிரேக்கைத் தானே வடித்தார். இன்ஜின் கார் கம்பெனியுடையது. மியூன்ஷின் கைவேலை முழுவதும் அதற்குப் பின்னாலும் கீழேயும் இருந்தது. பிரேசிலில் வேறொரு காரணம். 1970-களின் நடுவில் அரசு வெளிநாட்டு மோட்டார் சைக்கிள் இறக்குமதியைத் தடுத்துவிட்டதால், பெரிய வண்டி வேண்டியவர்களுக்கு உள்ளூரில் கிடைத்த ஃபோக்ஸ்வேகன் 1600 இன்ஜினே கதியானது. 1978 முதல் பத்தாண்டுகள் அமசோனாஸ் என்ற பெயரில் அந்த வண்டிகள் வந்தன, காவல்துறைக்கும் போயின. காரின் கியர்பாக்ஸையே வைத்துக்கொண்டதால் ரிவர்ஸ் கியரும் இருந்தது. அந்த எடையை ஆள் காலால் உந்திப் பின்னால் தள்ள முடியாது என்பதால் அது அவசியமும்கூட.

அமெரிக்காவின் டென்னசியில் 1990-இல் மான்ட்டி வார்ன் தொடங்கிய பாஸ் ஹாஸ் இதில் இன்னும் தெளிவான பாடம். செவ்ரலே காரின் 5.7 லிட்டர் எட்டு சிலிண்டர் இன்ஜின், வண்டி எடை அரை டன் அளவு. இதற்கு ஆறு கியர் தேவைப்படவில்லை; பாதி தானியங்கியான இரண்டு கியரும் ஒரு ரிவர்ஸும் போதுமென்று அமைத்தார்கள். இழுவை இருக்கிற இடத்தில் கியர் எண்ணிக்கையைக் கூட்டினால் உடைய வாய்ப்புள்ள பாகங்களைத்தான் கூட்டுகிறோம் என்று அறிந்து செய்த முடிவு அது. கிராங்க் நீளவாக்கில் இருப்பதால் நின்ற இடத்தில் திராட்டிலைத் திருப்பினால் வண்டி ஒருபக்கம் சாயப் பார்க்கும். காரில் நான்கு சக்கரமும் அகலமும் அதை விழுங்கிவிடும். இரண்டு சக்கரத்தில் ஓட்டுபவரின் தொடைக்குத்தான் அது வருகிறது. எடை பிரேக்கையும் கேட்கிறது. நூற்றெழுபது கிலோ புல்லட்டும் அதன்மேல் ஓர் ஆளும் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது பிரேக் தின்ன வேண்டிய ஆற்றலைவிட, ஐந்நூறு கிலோ வண்டிக்கு இரண்டு மடங்குக்கும் மேல் வேண்டும். வேகத்தையும் இரட்டிப்பாக்கினால் அது இன்னும் நான்கு மடங்காகும். புல்லட் டிரம்மை அப்படியே விட்டுவிட்டு இன்ஜினை மட்டும் மாற்றுபவர் இந்தக் கணக்கைத்தான் மறக்கிறார். இந்தத் தொழிலில் எனக்கு மன்னிக்க முடியாததாகத் தோன்றுவது இந்த ஒன்றுதான்.

நம் ஊர்க் கதையும் உண்டு. திருவொற்றியூரில் தயாரான என்ஃபீல்டு டீசல், பிறகு டாரஸ் என்ற பெயரில் வந்த வண்டி, வேறு வேலைக்குப் பிறந்த இன்ஜினை மோட்டார் சைக்கிளில் ஏற்றித் தொழிற்சாலையே விற்றதற்குச் சான்று. கிரீவ்ஸ் லொம்பார்தினியின் 325 சி.சி. டீசல் இன்ஜின், 6.5 குதிரைத்திறன், மணிக்கு 65 கிலோமீட்டர் அளவில் முடிந்துவிடும் வேகம். லிட்டருக்கு எழுபது எண்பது கிலோமீட்டர் கொடுத்ததால் விவசாயிகளும் பால்காரர்களும் வாங்கினார்கள். அது கார் இன்ஜினுக்கு நேர் எதிர்: அங்கே இழுவை மிகுதி, இங்கே திறன் குறைவு. ஆனாலும் சிக்கல் அதே இடத்தில் வந்தது. டீசலின் அடி புல்லட் சேஸியின் போல்ட்டுகளைத் தளர்த்தியது, அதிர்வு ஓட்டுபவரின் கைக்கு வந்தது. புகைக் கட்டுப்பாடு இறுகியபோது 2000-ஐ ஒட்டி வண்டி நின்றுவிட்டது. இந்த வண்டியைப் பெரிய தோல்வி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், நான் ஏற்கமாட்டேன். செய்யவேண்டிய வேலைக்கு ஏற்ற வேகத்தையும் பிரேக்கையும் அது வைத்திருந்தது. ஆயிரக்கணக்கான கிராமத்து ஓட்டுநர்களுக்குப் பல ஆண்டுகள் உழைத்தது. பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தால் குறைந்த திறனுள்ள இன்ஜினும் மரியாதையாக ஓடும் என்பதை டாரஸ் காட்டியது.

இங்கே ஒரு கேள்வி எழும், அது நியாயமான கேள்வியும்கூட. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் 2013-இலும் வல்லம் வடகாலில் 2017-இலும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள் திறந்தன. யமஹாவும் வல்லம் வடகாலுக்கு வந்துவிட்டது. வெளிநாட்டில் டிரையம்ஃப் ராக்கெட் 3 மூன்று சிலிண்டரில் 2,458 சி.சி. வரை போய்விட்டது, ஹோண்டா கோல்டுவிங்கில் ஆறு சிலிண்டர், ரிவர்ஸ் வசதி எல்லாம் உண்டு. தொழிற்சாலையே பெரிய வண்டியைச் சரியாகச் செய்து தரும்போது பட்டறையில் கார் இன்ஜினோடு மல்லுக்கட்டுவது எதற்கு? தொழிற்சாலையே இப்படித்தான் கற்றுக்கொண்டது என்பது என் பதில். 1983-இல் பிஎம்டபிள்யூ கே100 என்ற வண்டியை வெளியிட்டது. நான்கு சிலிண்டர் இன்ஜின் படுக்கையாக, கிராங்க் நீளவாக்கில், இழுவை ஷாஃப்டில். அந்த அமைப்பு சரிவருமா என்று பார்க்க அவர்களின் பொறியாளர் முதலில் எடுத்தது பெஜோ 104 என்ற சிறிய பிரெஞ்சுக் காரின் அலுமினிய இன்ஜினை. அதைப் படுக்கவைத்து ஒரு சோதனை வண்டி கட்டினார்கள். கே வரிசையின் தொடக்கம் அந்தக் கார் இன்ஜின் மோட்டார் சைக்கிள்தான். அந்தச் சோதனையைச் செய்ய பிஎம்டபிள்யூவிடம் சட்டத்தின் இடையூறில்லாத சொந்த ஓடுதளமும் ஆய்வகமும் இருந்தன. வடக்குப்பட்டிலோ திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையிலோ ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருப்பவருக்கு அது இல்லை. திறமை இல்லாமலா? ஒரகடத்தைச் சுற்றிய இந்தத் தொழிற்பட்டையில் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நடந்த மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. முன்பு சேஸி வெல்டிங் கண்ணளவில் நடந்தது. இப்போது ஜிக் இல்லாமல் பற்றவைப்பதைச் சின்னப் பட்டறை ஆளும் கேவலமாக நினைக்கிறார். டார்க் ரெஞ்ச் சாதாரணக் கருவியாகிவிட்டது, லேசர் வெட்டும் சி.என்.சி.யும் கூப்பிடு தூரத்தில் கிடைக்கின்றன. ஆலைகளில் வேலை கற்றவர்கள் வெளியே வந்து பட்டறை வைத்ததன் பலன் இது.

கார் இன்ஜின் வேண்டாம் என்று வேறு வழி போனவர்களையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஒஹையோவில் இருந்த அனிகேத் வர்தன், புல்லட்டின் சிலிண்டர் தலைகள் இரண்டை எடுத்து, கிராங்க்கேஸை மட்டும் புதிதாக வடித்து மஸ்கெட் என்ற வி-ட்வின்னை உருவாக்கினார். ஆஸ்திரேலியரான பால் கார்பெரி அதே யோசனையை 1,000 சி.சி. வரை கொண்டுபோய், பின்னர் சத்தீஸ்கரின் பிலாய்க்கு வந்து தொழில் தொடங்கினார். புல்லட் சேஸியின் அகலத்துக்குள் அடங்குகிற மாதிரி இன்ஜினை வளர்த்தது அவர்கள் புத்திசாலித்தனம். கார் இன்ஜினுக்கேற்ப வண்டியை வளைப்பதைவிட இது நேர்த்தியான வழி என்று நானும் நினைக்கிறேன். ஆனால் கிராங்க்கேஸ் வடிக்கிற செலவு எல்லாருக்கும் கட்டாது, கார் இன்ஜின் கட்டும். வசதியில்லாதவர் தேர்ந்தெடுக்கிற வழி என்பதாலேயே அது தரம் தாழ்ந்ததாகிவிடாது.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், இப்படி மாற்றுகிற உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வைத்தது. இந்தத் தீர்ப்பைத் திட்டுவது எங்கள் வட்டாரத்தில் வழக்கம். நான் திட்டமாட்டேன். சாலையில் வருகிற வண்டி சோதிக்கப்பட்டது என்று நம்பித்தான் எதிரே இன்னொருவர் குழந்தையை உட்காரவைத்து ஸ்கூட்டரில் வருகிறார். அந்த நம்பிக்கையைக் காக்கும் கடமை நீதிமன்றத்துக்கு உண்டு. என் குறை வேறு. புதிதாக வண்டி செய்கிறவருக்கு வகை ஒப்புதல் என்ற பாதை இருக்கிறது. புகை, சத்தம், பிரேக் என்று அங்கீகாரம் பெற்ற மையத்தில் சோதித்துச் சான்று வாங்கலாம். ஆனால் அது ஆயிரக்கணக்கில் தயாரித்து விற்கும் நிறுவனத்தின் கைப்பணத்துக்கும் கால அளவுக்கும் வகுத்தது. ஒரே ஒரு வண்டி கட்டி அதைத் தானே ஓட்ட விரும்புகிறவருக்கு அந்தப் படி எட்டாது. எட்டாத படியும் பூட்டிய கதவும் அவருக்கு ஒன்றுதான்.

கதவு பூட்டியிருப்பதால் வேலை நின்றுவிடுகிறதா என்றால், இல்லை. சென்னையில் மீன்பாடி வண்டிகளைப் பாருங்கள். மிதிக்கிற மூன்று சக்கர வண்டியில் பழைய இருசக்கர வண்டியின் இன்ஜினைப் பொருத்தி, ஆர்.சி. புத்தகம் இல்லாமல், இரும்புக் கம்பி ஏற்றிக்கொண்டு பல பத்தாண்டுகளாக ஓடுகின்றன. வட இந்தியாவில் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினை வைத்த ஜுகாட் வண்டிகளும் அப்படியே. அவையும் மோட்டார் வாகனம்தான் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. தடை இருந்தும் அவை ஓடின, பிரேக் மட்டும் சோதிக்கப்படவில்லை. இதற்கு எதிரான உதாரணமும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1980-களின் பிற்பகுதியில் கோயம்புத்தூரின் கரிவரதன் மாருதி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். சோழவரம் விமானத் தளத்திலும் பிறகு 1990-இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் ஓடிய பந்தயங்களுக்கு விதி இருந்தது, கூண்டு இப்படி, பெல்ட் இப்படி என்று சரிபார்க்க ஆள் இருந்தார். அதே 796 சி.சி. இன்ஜின் அங்கே ஒரு தலைமுறை ஓட்டுநர்களையும் மெக்கானிக்குகளையும் வளர்த்தது. விதியும் சோதனையும் இருந்த இடத்தில் கைவேலை உயர்ந்தது.

வெளிநாட்டில் இதற்கு நேரான ஒப்பீடு ஒன்று உண்டு. 2003-இல் டாட்ஜ் நிறுவனம் டெட்ராய்ட் கண்காட்சியில் டோமஹாக் என்று ஒன்றைக் காட்டியது. வைப்பர் காரின் 8.3 லிட்டர் பத்து சிலிண்டர் இன்ஜின், 500 குதிரைத்திறன், நான்கு சக்கரம். பெரும் நிறுவனத்தின் பணமும் பெயரும் இருந்தும் அது சாலையில் ஓட்டத் தகுதி பெற்றதில்லை. விற்றதும் அலங்காரப் பொருளாகத்தான். பிரிட்டனில் ஆலன் மில்யார்ட் என்ற தனி ஆள் தன் வீட்டுப் பட்டறையில் அதே வைப்பர் குடும்பத்தின் இன்ஜினை வைத்து மோட்டார் சைக்கிள் கட்டினார். அது சாலையில் ஓடுகிறது, மணிக்கு 200 மைலையும் தாண்டி அளந்திருக்கிறார்கள். அந்த நாட்டில் கையால் கட்டிய ஒற்றை வண்டியை அரசு ஆய்வாளர் சோதித்துப் பதிவுக்கு அனுமதிக்கும் தனி முறை இருக்கிறது. சேஸி, பிரேக், விளக்கு, சத்தம் என்று பட்டியல் வைத்துப் பார்ப்பார்கள். தேறினால் எண் கிடைக்கும், தேறாவிட்டால் திரும்பிப் போய்ச் சரிசெய்து வரவேண்டும்.

இவ்வளவு குறைவான வண்டிகளுக்காக அரசு ஏன் மெனக்கெட வேண்டும் என்பார்கள். 2021-இல் ஐம்பது ஆண்டு கடந்த பழைய வண்டிகளுக்கென்று மத்திய அரசு தனிப் பதிவு முறையும் தனி எழுத்து வரிசையும் கொண்டுவந்தது. அவையும் எண்ணிக்கையில் குறைவுதான். விரும்புகிறவர்கள் கட்டணம் கட்டி, நிபந்தனைக்கு உட்பட்டு வைத்துக்கொள்கிறார்கள். அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை என்பதும் அந்த நிபந்தனைகளில் ஒன்று. அதே அச்சில் கையால் கட்டிய ஒற்றை வண்டிக்கும் விதி எழுதலாம். விற்கக்கூடாது, ஆண்டுதோறும் சோதனை, வேகத்துக்கு உச்சவரம்பு, புகையும் சத்தமும் இன்றைய அளவுக்குள் என்று கடுமையாகவே வைக்கட்டும். நாடு முழுவதும் 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 வந்தபிறகு பழைய கார்புரேட்டர் இன்ஜின்கள் இதில் தேறாமல் போகலாம், போகட்டும். ஊசிவழி எரிபொருளும் வினையூக்கியும் பொருத்தத் தெரிந்தவர் மட்டும் உள்ளே வருவார். சோதிக்க இடம் தேடி வெகுதூரம் போகவும் வேண்டாம். உலகத் தரத்தில் கட்டிய வாகன ஆராய்ச்சி மையம் ஒரகடத்திலேயே நிற்கிறது. ஆலைகளுக்குச் செய்யும் வேலைக்கு நடுவே மாதத்தில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கினால் தொடக்கத்துக்குப் போதும்.

இந்தப் பட்டையில் இருக்கும் பொறியியல் கல்லூரிகளும் பட்டறைக்காரர்களின் சங்கங்களும் சேர்ந்து, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு இதை வரைவாகவே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சேஸி வரைபடம், பிரேக் கணக்கு, சோதனைப் பட்டியல் என்று தொழில் தெரிந்தவர்கள் எழுதிக் கொடுத்தால்தான் அதிகாரிகளால் ஒரு முடிவெடுக்க முடியும். விதி வரும்வரை, இப்படி ஒரு வண்டி கட்டி வைத்திருக்கும் தம்பிகள் அதை வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் இறக்க வேண்டாம். இருங்காட்டுக்கோட்டையில் தடம் இருக்கிறது. அனுமதி கேட்டு, தலைக்கவசமும் முழு உடுப்பும் போட்டு அங்கே ஓட்டிப் பாருங்கள். கொண்டுபோவதற்கு முன் பிரேக்கை மாற்றியிருக்க வேண்டும்.